பாத்ரூம் சாமான் கடையில் ஓர் உளவியல் புரவலர்

எனக்கு வயிற்றெரிச்சல். சீரகத் தண்ணீர் குடித்தும் தணியாத வகை.

காரணம், என் நண்பன் சிவநேசன். கொட்டாஞ்சேனையில் பாத்ரூம் சாமான் விற்கிறான். குழாய், சிங்க், கொமட். போன மாதம் வரைக்கும் அவ்வளவுதான். இப்போது அவன்... உளவியல் ஆராய்ச்சிப் புரவலர்!

மட்டக்குளியில் நிலுக்ஷி என்றொரு பல்கலைக்கழக மாணவி. டிசோசியேசன் பற்றி ஆராய்கிறாள். பெரிய துயரமோ அதிர்ச்சியோ வந்தால் சிலருக்கு மனம் தன்னைவிட்டே கழன்று, தள்ளி நின்று பார்க்குமாம். அப்படிப்பட்டவர்களைத் தனியே இருத்திக் கதைக்க வேண்டும். தொடர்மாடி வீடுகளில் தனியே கதைக்க இடம் ஏது? இருமினாலே பக்கத்து வீட்டில் சுகம் விசாரிப்பார்கள். பல்கலைக்கழகத்திலோ இதற்கு நிதி இல்லை. "பரீட்சைப் பயம் பற்றிச் செய்யுங்கோ, செலவே இல்லை" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம்.

சிவநேசன் தன் கடையின் மேல்மாடியை ஒதுக்கிக் கொடுத்தான். வருகிறவர்களின் பஸ் காசு, தேநீர், ஒலிப்பதிவுக் கருவி — எல்லாம் அவன் பொறுப்பு.

எனக்கு எரியாதா? வெள்ளவத்தையில் நாலு புத்தகம் வாசித்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். சிவநேசன் கடைசியாக முழுதாக வாசித்தது ஒரு வோட்டர் ஹீட்டரின் உத்தரவாத அட்டை. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவன் பெயரா?

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போக மட்டக்குளி பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். பணம் கொடுக்க அல்ல — பத்தி எழுதுகிறவனிடம் ஏது பணம்? — என் மனதையே ஆராய்ச்சிக்குத் தானம் செய்ய! வழியெல்லாம் போனில் இந்த நோயைப் பற்றி வாசித்தேன். பொரளை வரும்போது பாதி அறிகுறி இருந்தது. மருதானை தாண்டியதும் முழுதாக வந்துவிட்டது. உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. மேல்மாடிப் படியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினேன்.

"பிள்ளை, என்னை ஆராயுங்கோ. வீட்டில மனுசி கதைக்கேக்க என்ர முகம் மட்டும்தான் அங்க நிக்கும். நான் எங்கையோ போயிடுவன். முத்தின கேஸ்தானே?"

நிலுக்ஷி சிரிக்கவில்லை. "உங்களையே நீங்க தூரத்தில இருந்து பாக்கிற மாதிரி இருந்திருக்கா அங்கிள்? கை கால் உங்கட இல்லாத மாதிரி?"

கையைப் பார்த்தேன். துரதிர்ஷ்டவசமாக என்னுடையதுதான்.

"இல்லாட்டி, இது எல்லாருக்கும் வாற கவனக்குறைவுதான் அங்கிள். பயப்படாதீங்க."

எல்லாருக்கும் வருவதா! நான் பட்ட பயமெல்லாம் வீணா?

"அப்ப ஆருக்குத்தான் அந்தப் பெரிய வருத்தம்?" என்றேன் கடுப்பில்.

"அதைச் சொல்லக்கூடாது அங்கிள்."

தேத்தண்ணீரோடு படியேறி வந்த சிவநேசன் சொன்னான். "எனக்கு இருந்ததடா."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"இந்தப் பிள்ளை இடம் கேட்டுக் கடைக்கு வந்தவ. என்ன ஆராய்ச்சி எண்டு கேட்டன். விளங்கப்படுத்தினா. எனக்கு நடந்ததுக்கு ஒரு பேர் இருக்கெண்டு அண்டைக்குத்தான் தெரியும். காசு குடுக்கிற ஆளை ஆராய்ச்சியில சேர்க்கக்கூடாதாம். ஆனா நான் சொன்னதை எல்லாம் இருந்து கேட்டா."

"என்ன நடந்தது உனக்கு?"

"என்ர வசந்தியைக் கனத்தையில எரிக்கேக்க நான் அங்க நிக்கேல்ல மச்சான். தள்ளி நிண்டு, ஆரோ ஒருத்தன்ர மனுசியை எரிக்கிறாங்கள், பாவம் அவன் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். பிறகு மாதக்கணக்கா அவன்தான் கடையைத் திறந்தான். அவன்தான் பூட்டினான்."

அன்று பொரளைக் கனத்தை மயானத்தில் அவனுக்குக் குடை பிடித்தவன் நான். தோளோடு தோள் ஒட்டி நின்றேன். அவன் அழவில்லை. "நெஞ்சுரம் உள்ள மனுசன்" என்று வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் சொன்னேன்.

உண்மையான எரிச்சல் எனக்கு அப்போதுதான் பற்றியது. நன்றிப் பக்கமாவது, புரவலராவது!

"பள்ளிக்கூடத்தில இருந்து கூடத் திரியிற எனக்குச் சொல்லேல்ல. நேற்று வந்த பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாய்?"

"உனக்குச் சொன்னா சிரிக்க வைப்பாய். நல்லாத்தான் சிரிக்க வைப்பாய்... எனக்கு அப்ப அது வேண்டாமா இருந்தது."

வாயைத் திறந்தேன். பகிடி ஒன்று நுனிநாக்கில் தயாராக நின்றது. தேத்தண்ணீரோடு விழுங்கினேன். மூன்று பேரும் பேசாமல் குடித்தோம். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலையா? அதைத்தானே அந்தச் சின்னப்பெண் வாரக்கணக்காகச் செய்கிறாள்! பொறாமைப்பட வேண்டிய ஆள் அவள்தான்.

"இப்பவும் தள்ளித்தான் நிக்கிறியோ?" என்று கடைசியில் கேட்டேன்.

"சில நாளில. இப்ப இல்ல. நீ சேர்ட்டில தேத்தண்ணி ஊத்தினது வடிவாத் தெரியுது."

இறங்கும்போது, இதை எழுதட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுது. பேருகளை மாத்து. வசந்தி வாற இடத்தில மட்டும் பகிடி விடாதை."

பெயர்களை மாற்றிவிட்டேன். பகிடியும் விடவில்லை — இத்தனை வருடப் பத்தியில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான்.