மிச்ச நாடாவில் ஒரு வீணை

கேசட் பதிவுக் கடை வைத்திருப்பவனுக்கு ஒருவருடைய கட்சியும் தெரிந்துவிடும், அவருக்குப் பிடித்த பாட்டும் தெரிந்துவிடும். இரண்டும் ஒத்துப்போகாதபோது யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் தெரியாது.

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு வருடம் நான் அப்படி ஒரு கடை வைத்திருந்தேன். வெற்றுக் கேசட்டையும் பாட்டு வரிசை எழுதிய துண்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வார்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. தொழிலைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்றே வயதானவர்கள் இதைப் படித்தால், மேலே சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். வாடிக்கையாளர் வாயால் கேட்பது ஒன்று, மனதால் கேட்பது ஒன்று, தப்பு நம்முடையது.

ஆனால் என் தப்புக்கு வேறொருவர் விலை கொடுத்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஓடும் ஒரு வீணைத் துண்டால் தோழர் மாசிலாமணியின் சங்கச் செயலாளர் பதவி போயிற்று. அந்தத் துண்டை நாடாவில் ஏற்றியவன் நான். போராட்டமே மூச்சாக இருக்கிறவர்கள், போராட்டம் எதுவும் இல்லாத இசையை ரசிப்பார்களா, மாட்டார்களா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குக்கர் சத்தம்

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆறு பாட்டுப் பதிந்தால் கடைசியில் இரண்டு, மூன்று நிமிடம் நாடா மிஞ்சும். இன்னொரு பாட்டு அதற்குள் அடங்காது; பாதியில் வெட்டினால் வாடிக்கையாளர் நம்மை வெட்டுவார். முதலில் அதை வெறுமையாகவே விட்டுவந்தேன். கடைக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. பதிந்ததை நான் ஓட்டிப் பார்க்கும்போது, பாட்டு முடிந்ததும் வரும் இரைச்சல் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு புது மைக் வாங்கி, மாடியில் வீணை சொல்லிக்கொடுத்த அம்மாளிடம் அனுமதி கேட்டு, சோதனைக்காக ஒரு துண்டு பதிந்திருந்தேன். "இது என்ன பாட்டும்மா?" என்று கேட்டதற்கு, "பாட்டெல்லாம் இல்ல, கைய சூடு பண்ணிக்கறேன்" என்றார். அதைத்தான் மிச்ச நாடாவில் போட ஆரம்பித்தேன். யோசனை என் மனைவி கமலாவுடையது. ஒரு நாள் கரண்டியும் கையுமாகக் கடைக்குள் வந்து நின்றாள். "பாட்டு முடிஞ்சதும் ஸ்ஸுன்னு வருது, குக்கர்னு நெனச்சு நான் ஓடிப்போய்ப் பாக்கறேன். அந்த இடத்துல எதையாவது போட்டுத் தொலைங்களேன்!"

கறுப்புச் சட்டை

இரும்புலியூரில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், வெயில் காலத்திலும் கறுப்புச் சட்டைதான் போடுவார். கடவுள் இல்லை என்று பேசும் பேச்சுகளைத் தவிர வேறெதையும் பதியச் சொன்னதில்லை. ஒரு பேச்சு இருபத்தேழு நிமிடத்தில் முடிந்துவிட, பழக்கதோஷத்தில் வீணையை ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். "கடைசில ஒண்ணு வாசிக்கிறாங்களே, அது சாமிப் பாட்டா?" என்றார். முகத்தைப் பார்த்தால் கோபமா, ஆர்வமா தெரியவில்லை.

"வார்த்தையே இல்லீங்களே ஐயா, வெறும் வீணைதான்" என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, தைப்பதற்கு முன் துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பதுபோல அதைத் திருப்பித் திருப்பி யோசித்தார். பிறகு எழுந்தார். "வார்த்தை இருந்தாத்தானே அதுக்குள்ள சாமி பூந்துக்கும்? இதுல பூர்றதுக்கு வழி இல்ல. இருந்துட்டுப் போவட்டும்."

எடுங்க, வையுங்க

மாசிலாமணி குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார். சங்கக் கிளைக்குச் செயலாளர். பாட்டுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஊதிய உயர்வு, ஆட்குறைப்பு, விலைவாசி என்று எதைக் கொடுத்தாலும் பறைத்தாளத்துக்குப் பாட்டுக் கட்டிவிடுவார். அதைப் பதிந்து, தொழிற்சாலை வாசலில் நடக்கும் கேட் கூட்டங்களில் போடுவார்கள். முதல் கேசட்டை வாங்கிப்போனவர் இரண்டாம் நாள் வந்தார். "இன்னா சார் இது, 'எழுந்து வா'ன்னு கத்தி முடிக்கிறோம், பின்னாடியே டொய்ங் டொய்ங்குனு வருது? எழுந்தவன் திரும்பி உக்காந்துக்குவான். எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். கடையில் வேறு ஆள் இல்லையா என்று பார்த்துக்கொண்டார். "அதை ஏன் சார் எடுத்தீங்க?" என்றார். "நீங்கதானே தோழர் எடுக்கச் சொன்னீங்க" என்றேன். "சொன்னேன்... இப்ப பாட்டு முடிஞ்சா, ஓடுற பஸ்லருந்து எறக்கி வுட்ட மாதிரி கீது. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்துக்கினு கேக்கறப்ப, அது வரும் வரும்னு காது நிக்குது." சரி, வைத்துவிடுகிறேன் என்றேன். வாசல் வரை போனவர் திரும்பினார். "வையுங்க. ஆனா நான் வெக்கச் சொன்னேன்னு இருக்க வேணாம். அதுவா வந்ததா இருக்கட்டும்."

பதினோரு நாள்

தாம்பரம் சானடோரியம் பகுதியில் குடியிருந்த டேனியல் மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழு, மற்ற நாட்களில் ஆசிரியர் சங்கம் என்று இருந்தவர். ஒரு போராட்டத்தில் பதினோரு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்ததும் என் கடையில் ஒரு சீட்டுக் கொடுத்தார். எல்லாம் சினிமாக் காதல் பாட்டு. உள்ளே எல்லாரும் சேர்ந்து பாடியவையாம், ஞாபகத்துக்கு வேண்டுமாம். போராட்டப் பாட்டு ஒன்றுகூடப் பாடவில்லையா என்று கேட்டுவிட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது அடுத்தவங்கள ஜெயிலுக்குக் கூப்பிடற பாட்டு சார். நாங்கதான் ஏற்கெனவே வந்துட்டோமே!"

மங்களம்

பிறகுதான் மாசிலாமணியின் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. நாற்பது நாளைத் தாண்டிவிட்டது. பக்கத்துச் சங்கங்கள் கொடுத்த அரிசியில்தான் பல வீடுகளில் உலை வைத்தார்கள். தளர்ந்துபோனவர்களை நிமிர்த்துவதற்காக, நகரத்திலிருந்து மண்டலத் தலைவரே பேச வருவதாக ஏற்பாடு. காலை பத்து மணிக்கு மைதானத்தில் கூட்டம். ஆம்ப்ளிபயர் என்னுடையது என்பதால் நானும் மேடைக்குப் பக்கத்தில் இருந்தேன். தலைவர் வந்த மின்சார ரயில் வழியில் எங்கோ நின்றுவிட்டது. கேசட்டில் மாசிலாமணியின் பாட்டுகள் ஆறும் ஓடி முடிந்தன. வீணை வந்தது. நான் பொத்தானை அழுத்தப் போனேன். மாசிலாமணி கையை லேசாகத் தூக்கி, வேண்டாம் என்றார். முந்நூறு பேர் நின்ற இடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. துண்டை விரித்து உட்கார்ந்தவர்கள் உண்டு. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன், வெயிலாகவும் இருக்கலாம்.

வீணை முடிந்தது. அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். கச்சேரியானாலும் பஜனையானாலும் கடைசியில் அமைதியாக ஒன்று பாடினால் அது மங்களம், எழுந்துபோகலாம் என்பதுதான் அவர்களுக்குப் பழக்கம். மாசிலாமணி மைக்கைப் பிடித்துக் கூப்பிடக் கூப்பிடப் போய்க்கொண்டே இருந்தார்கள். இருபது நிமிடம் கழித்துத் தலைவர் வந்து, பாதி காலியான மைதானத்தைப் பார்த்தார். வாசலில் எதிர்ப்பட்ட ஒரு தொழிலாளி அவரிடமே ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார். "லேட்டா வந்துட்டியே தலைவா, மங்களம் பாடியாச்சு. ஆனா மனசு லேசாக்கீது."

மூன்று தடவை

நடுக்கூட்டத்தில் மங்களம் வாசித்துப் போராட்டத்தைக் குலைக்கப் பார்த்தார் என்று மாசிலாமணிமேல் விசாரணை வைத்தார்கள். நிர்வாகத்தோடு பேசிக்கொண்டு செய்தார் என்றும் ஒரு வதந்தி. பதவியோடு, இருபது வருடம் சேர்த்த பெயரும் போய்விடும் நிலைமை. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். சங்க அலுவலகத்தில் நீள மேஜை, நாலு தோழர்கள், நடுவில் அதே மண்டலத் தலைவர். கேசட்டைப் போட்டுக் கேட்டார்கள். "இன்னொரு தரம் போடுங்க, சரியா கவனிக்கல" என்றார் ஒருவர். போட்டேன். "இதுல பிற்போக்கா ஏதாவது இருக்கா?" என்றார் தலைவர். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார்கள். அதை வாசித்தவரின் நோக்கம் என்ன என்று என்னைக் கேட்டார்கள். கையைச் சூடு பண்ணிக்கொள்வது என்று உண்மையைச் சொன்னேன். ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு, வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வந்த பொய்யைச் சொன்னேன். "எல்லாக் கேசட்லயும் போடற மாதிரி இதுலயும் நானேதான் போட்டேன். தோழருக்குத் தெரியாது." அதோடு விஷயம் முடிந்திருக்கும். மாசிலாமணி எழுந்தார். "இல்ல தோழர். எடுத்ததை மறுபடி வெக்கச் சொன்னதே நான்தான். அன்னிக்கு நிறுத்தாதேன்னதும் நான்தான்." ஏன் என்று தலைவர் கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்றார் மாசிலாமணி. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கிவிட்டார். தலைவரின் குரலில் கோபம் இல்லை, ஏறக்குறையக் கெஞ்சினார். "நல்லா இருந்துச்சுன்னு மினிட்ஸ்ல எழுத முடியாது தோழர். வேற ஏதாவது காரணம் சொல்லுங்களேன்!"

தலைவரின் சந்தேகம்

மாசிலாமணி வேறு காரணம் சொல்லவில்லை. நிர்வாகத்தோடு சம்பந்தம் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். ஆனால் பதவி போயிற்று, பாட்டுக் குழுவும் போயிற்று. வேலைநிறுத்தம் ஒருவிதமாக முடிந்தது, பாதிக் கோரிக்கை கிடைத்தது. அதற்குச் சில நாள் கழித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டலத் தலைவர் என் கடை வாசலில் நின்றார். அந்த வீணையை ரகசியமாகக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கேசட்டைத் தேட ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கு மூணு தரம் கேட்டேன். மத்தவங்க மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி ஆச்சு, நானும் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். பயந்துபோய் டாக்டரிடம் வந்தவர்போலக் குரலைத் தாழ்த்தினார். "முப்பது வருஷமா பாட்டுன்னா எனக்கு ஊர்வலந்தான். கால் நடக்கும், கை உயரும், அதோட சரி. உள்ளுக்குள்ள ஒண்ணும் அசையல. இது ஏதாவது வியாதியா சார்?"

பதினாறாம் நாளுக்குப் பிறகு

தொண்ணூறுகள் பிறந்து சில வருடம் கழித்துக் கமலா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு மாசிலாமணி வந்தார். துக்கம் கேட்கத் தெரியாத மனிதர். ஸ்டூலில் உட்கார்ந்து, கவுண்டரில் கிடந்த கேசட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் இப்போது எந்தப் பதவியிலும் இல்லை. எதை வேண்டுமானாலும் கேட்கலாம், யாரும் விசாரிக்க மாட்டார்கள். நான் அந்த வீணையைப் போட்டேன். அவருக்கு அது ஆறுதல் என்று நான் நினைத்தேன். எனக்கு அது ஆறுதல் என்று அவர் நினைத்திருப்பார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடியும் மரியாதையாக உட்கார்ந்திருந்தோம்.

முடிந்ததும் அவர் குழப்பத்தோடு டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். "அதே கேசட்டுதானா சார்?" அதேதான் என்றேன். "ஒண்ணும் தோணலியே. தெருவுல யாரோ வாசிக்கிற மாதிரி கீது. உங்களுக்கு?" எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பதவி போனபோதுகூட அந்த முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. "வேலை இல்லாம, சோறு இல்லாம, நாளைக்கு இன்னா ஆவும்னு தெரியாம நின்னப்ப அப்படி இருந்துச்சு சார். அப்ப அது வீணையில இல்ல போலக்கீதே, எங்க ஸ்ட்ரைக்லதான் இருந்திருக்கு!"

பன்னிரண்டு வருடம் இந்த ஊருக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்தவன் என்ற முறையில், யார் எந்தப் பக்கம் என்று கேட்டால் கேசட்டில் ஏ பக்கமா பி பக்கமா என்பது வரைக்கும் சரியாகச் சொல்லிவிடுவேன், அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.