வாயில் பார்க்கும் பதம்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கும்போதே எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருக்கும். அங்கிருந்து ஆட்டோவில் கரமனைக்குப் போனால் கணவரின் அண்ணன் வீடு. மறுநாள் காலை அங்கே சாக்லேட் டாஃபி செய்தாக வேண்டும். மைத்துனருக்கு ஆபீஸ் நண்பர் யாரோ சொல்லிக்கொடுத்ததாம். எனக்குக் கல்யாணமானதிலிருந்து ஒரு வருடம்கூடத் தப்பியதில்லை.

வெண்ணெயும் சர்க்கரையும் உருகிச் சிவந்து வரும்போது வறுத்த முந்திரியை, அவர்கள் பாஷையில் அண்டிப்பருப்பை, கொட்டிக் கிளறுவது அவர் மனைவி, என் மன்னி. பதம் பார்ப்பது மைத்துனர். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் கடைவாயில் போட்டுக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் பதம். பல்லில் ஒட்டிக்கொண்டால் விரலை விட்டு நோண்டி எடுத்து, திரும்பவும் வாணலியிலேயே போடுவார். எச்சில் நூலாகத் தொங்கும். "கொதிக்கறதுல எல்லாம் போயிடும், கேட்டியா" என்பார்.

சாம்பாரை ருசி பார்த்ததற்காக என்னைக் கரண்டியை மூன்று தடவை தேய்க்கவைத்தவள் மன்னி. இதை மட்டும் அவள் கண் பார்க்காது. நானும் பார்க்காத மாதிரிதான் இருப்பேன். கொடுக்கிற துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் துப்புவேன். சீ, எழுதும்போதே குமட்டுகிறது.

போன வருடம் என் மகளுக்கு எட்டு வயது. இந்தத் தடவை பதம் பார்ப்பது நான்தான் என்று ரயிலில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பெரியப்பா செய்கிற மாதிரியே தண்ணீரில் விட்டாள், கடித்தாள், ஒட்டியது. எடுத்து வாணலியில் போட்டாள்.

"அய்யய்யோ, எச்சலாக்கிட்டாளே! கொழந்தைய என்ன வளத்து வெச்சிருக்கே?" என்று என்னிடம் கத்திய மன்னி, பாகு முழுவதையும் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

"பெரியப்பாவும் இப்படித்தானே பண்ணுவார்?" என்றாள் மகள்.

"அவர் பெரியவர். நீ வாயை மூடு."

மகள் என்னைப் பார்த்தாள். என் கணவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்வது சரிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை வருடமும் தொண்டைவரை வந்து நின்ற பேச்சுதான்.

"பெரியம்மாட்ட சாரி சொல்லு" என்றேன்.

சொன்னாள்.

மறுபடியும் வெண்ணெய், மறுபடியும் சர்க்கரை. மைத்துனர் இரண்டு தடவை கடித்தார், இரண்டு தடவையும் உள்ளே போட்டார். தட்டில் பரப்பி, மேலே சாக்லேட்டை உருக்கி ஊற்றி, ஆறியதும் உடைத்து முதல் துண்டை என் மகளிடம் நீட்டினார். சமாதானமாம். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆசையாத் தரார் இல்லையா, வாங்கிக்கோ" என்றேன்.

வாங்கிக்கொண்டாள். என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மென்று விழுங்கினாள்.