சோடாப் போத்தலின் முதுகில் ஒரு கிளைடர்

படகுக்குள் விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு என் கணவர் தொழிலுக்குப் போகவில்லை. இனிக் கடலுக்குப் போக ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் தையல் வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுக்கக் கட்டிலில் கிடந்து போனைப் பார்ப்பார். கேட்டால் ஒரு சொல் வரும். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒருநாள் பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்தால், விறாந்தை முழுக்க வெள்ளைத் துகள். பழைய மீன்பெட்டியின் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோமை பிளேட்டால் சீவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"ராக்கெட். இந்தக் கிளைடரையும், எஞ்சினில்லாத சின்ன பிளேன், சுமந்துகொண்டு மேல போகும். போனாப்பிறகு கிளைடர் கழண்டு தனியப் பறக்கும்."

நான் துகளைக் கூட்டி அள்ளினேன். சண்டை பிடிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

ராக்கெட் என்றால் ஒரு பெரிய சோடாப் போத்தல்தான். கொஞ்சம் தண்ணீர் விட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து, கயிற்றை இழுத்தால், தண்ணீரைப் பீச்சிக்கொண்டு எழும்பும். போத்தலின் பக்கத்தில் மேலே பார்த்தபடி ஒரு குச்சி. கிளைடரின் வயிற்றில் ஒட்டிய, சோடா உறிஞ்சும் ஸ்ட்ரோத் துண்டை அதில் செருக வேண்டும். ஏறும்போது போத்தல் கிளைடரைத் தள்ளும். போத்தலின் வேகம் குறைந்ததும் கிளைடர் முன்னால் நழுவிப் போய்விடும். அவர் அப்படித்தான் சொன்னார்.

"பம்ப் அடிக்க முதுகு விடாது. நீ வாறியா?"

காலையிலிருந்து மெஷின் மிதித்த கால். இருந்தாலும் போனேன். அவர் என்னை ஏதாவது கேட்டுக் கனகாலம்.

கடற்கரையில், எங்கள் ஊருக்குள் திரியும் மான்கள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. நான் பம்ப் அடித்தேன், அவர் கயிற்றை இழுத்தார். போத்தல் சீறிய சத்தத்தில் மான்கள் ஓடின. கிளைடர் கழலவே இல்லை. இரண்டும் ஒன்றாக வந்து மணலில் குத்தின. குச்சியை மெல்லிசாகச் சீவிக்கொண்டு வந்தார். அடுத்த தடவை கிளைடர் ஆடி ஆடி, ஏறும்போதே சிறகு முறிந்தது. வேறு சிறகு வெட்டினார். பழைய தடிப்பில் குச்சி வைத்தார். திரும்பவும் இறுகியது. ஒவ்வொரு பின்னேரமும் என் கைதான் நொந்தது.

"குச்சிக்குச் சவர்க்காரம் பூசிப் பாருங்களன்," என்றேன், சலிப்பில். ஊசி துணிக்குள் ஓடாவிட்டால் நாங்கள் அதைத்தான் செய்வோம்.

அவர் என்னைப் பார்த்தார். "ஓம். அதுதான்."

அடுத்த நாள் போத்தல் தென்னைக்கு மேலே போய்த் தயங்கியது. கிளைடர் சத்தமில்லாமல் வழுக்கி வெளியே வந்தது. கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு நிமிர்ந்து, வளைந்து, தண்ணீருக்கு மேலால் போனது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். அது கடலில் இறங்கியதும், இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தார். படகில் விழுந்த பிறகு அவர் கடலில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

கிளைடரைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். நனைந்த சாரத்தின் நுனியைப் பிழிந்தார்.

"பறந்தது, என்ன?"

"ஓம், பறந்தது."

இருட்டப் பார்த்தது. சோறு இன்னும் வைக்கவில்லை. "எழும்புங்கோ," என்றேன். அவருக்கு முதுகு விடவில்லை, எனக்குக் கால் விடவில்லை. ஆளையாள் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.