தள்ள நாலு பேர், இழுக்க ஊர்

ஈரக் கயிறு உள்ளங்கையை அறுக்கும்போது முதலில் வலிக்காது. உப்புத் தண்ணீர் பட்டதும்தான் உயிர் போகும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் வளர்ந்த எனக்கு, ‘புஷ்’, ‘புல்’ என்ற இரண்டு இங்கிலீஷ் சொற்களும் அந்த எரிச்சலோடுதான் மனதில் ஏறின.

ஏழாம் வகுப்பில் டீச்சர் இரண்டுக்கும் வித்தியாசம் எழுதச் சொன்னார். படகைக் கடலுக்குள் தள்ளுவது ‘புஷ்’, அதற்கு அந்தப் படகின் ஆட்களே போதும். கரைக்கு வந்ததை இழுப்பது ‘புல்’, அதற்குக் கரையில் இருக்கிற எல்லோரும் வரவேண்டும் என்று எழுதினேன். ஒன்று முன்னால், மற்றது பின்னால், அவ்வளவுதான் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், பாவம், அவர் எந்தப் படகை இழுத்தார்! நான் எழுதியதுதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் குப்பத்தில் அதுதான் சட்டம். ஜென்மப் பகையாளியின் படகானாலும் கரையேறும்போது கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தவருக்கு இரண்டு கை மீன் உண்டு. அந்த வருஷ மழைக்காலத்தில் நைனாவும், என் அப்பாவைத்தான் சொல்கிறேன், சித்தப்பாவும் ஒரு சுவர்த் தகராறில் முகம் பார்த்துக்கொள்வதில்லை. ஒருநாள் காலை நைனாவின் படகு கரையோரத்தில் அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிட்டது. அடுத்த அலை அடித்துக் கவிழ்த்தால் நைனா அடியில் போய்விடுவார். வலை பிரித்துக்கொண்டிருந்த சித்தப்பா ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்; பின்னால் நானும் பிடித்தேன், எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். “வுடு பாப்பா, கை அறுத்துக்கும்!” என்று சித்தப்பா கத்தினார். நான் விடவில்லை. படகு மணலேறியதும் நைனா மூச்சிரைக்க, “இன்னாடா பாத்துகினு நிக்கிற? மீனை எடுத்துகினு போ” என்றார். சித்தப்பா லுங்கியை ஏந்தி வாங்கிக்கொண்டார். சுவர் அங்கேயேதான் இருந்தது, பேச்சு மட்டும் திரும்பி வந்துவிட்டது.

இப்போது படூரில் என் ஆபீஸ் கண்ணாடிக் கதவில் அந்த இரண்டு சொற்களையும் தினமும் பார்க்கிறேன். குப்பத்தில் படகுகளை டிராக்டர் இழுக்கிறது. எல்லோருடைய இடுப்பும் பிழைத்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதில் அண்ணன் தம்பிக்குள் மறுபடி பேச்சில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நைனாவின் படகைப் பார்த்ததும் சித்தப்பா பழக்கத்தில் தண்ணீர்வரை ஓடிவந்துவிட்டார். அதற்குள் டிராக்டர்க்காரர் கொக்கியை மாட்டியிருந்தார். “சித்தப்பா!” என்று கூப்பிட்டேன். “அதான் டிராக்டரு கீதே பாப்பா, நான் இன்னாத்துக்கு?” என்று சொல்லித் திரும்பி நடந்தார். நைனா இரண்டு கையிலும் மீனை அள்ளிக்கொண்டு நின்றிருந்தார்.