கள்ள மென்பொருள் கொண்டுபோன கல்யாணப் படங்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஹட்டனில் நான் சின்னதாக ஒரு ஸ்டூடியோ தொடங்கிய புதிதில் நடந்தது இது. றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம். நான் தனியாகப் படம் பிடித்த முதல் பெரிய கல்யாணம். எல்லாப் படங்களையும் கணினியில் ஏற்றிவிட்டு, அடுத்த வேலைக்காக மெமரி கார்டுகளை அழித்துவிட்டேன்.

படங்களை மெருகேற்றும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. இணையத்தில் சும்மா கிடைத்த கள்ளப் பதிப்பை இறக்கினேன். வைரஸ் தடுப்பை நிறுத்தினால்தான் வேலை செய்யும் என்று அதில் போட்டிருந்தது. யோசிக்காமல் நிறுத்தினேன். மறுநாள் காலை கணினியைப் போட்டால் ஒரு படமும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால்தான் திறப்போம் என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் மட்டும் திரையில் நின்றது.

பொலிஸுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று, சட்டத்தரணி ஒருவரிடம் வேலை செய்யும் நண்பனுக்குப் போன் எடுத்தேன். அவன் சிரித்தான்.

"போ மச்சான், தாராளமா போ. அந்த மென்பொருள் எங்க வாங்குனன்னுதான் மொதக் கேள்வி வரும். கள்ளக் கொப்பிய வச்சு தொழில் பண்றதும் குத்தந்தான். கம்பனிக்காரன் வழக்குப் போட்டா கோர்ட்டு, தண்டம், மோசமாப் போனா மறியல்ல கம்பி எண்ணணும். களவு போச்சுன்னு சொல்லப் போயி, நீயே கள்ளனா நிப்ப."

பொலிஸுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டேன். பஸ் ஏறி நேரே பெண் வீட்டுக்குப் போனேன். புது மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்கு வந்திருந்தார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. அவள் அம்மா பொரிந்து தள்ளினார்.

"எங்களுக்கு இருக்கிறது ஒரே மக. படத்துக்காகத் திரும்பவும் தாலி கட்டச் சொல்லவா தம்பி?"

"நான் ரெடி அத்த!" என்றார் மாப்பிள்ளை.

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேதான் பெண்ணுக்கு யோசனை தோன்றியது. "அண்ணே, அன்னிக்குத் தோட்டமே போன்ல படம் எடுத்துச்சே. அதக் கேட்டு வாங்குவோம்."

ஞாயிற்றுக்கிழமை இரவல் மடிக்கணினியோடு போய் உட்கார்ந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, லயம் லயமாக ஆட்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாலையைத் தள்ளிவிட்டு வடையைக் கடிக்கும் மாப்பிள்ளை, அவர் தலைப்பாகையைப் போட்டுப் பார்க்கும் தோழிகள், தாலி கட்டும்போது அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கும் பெண்ணின் அப்பா. மேடைக்கு முன்னால் நின்ற என் கண்ணில் இவை எதுவுமே பட்டிருக்கவில்லை.

சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளைக் கற்றுக்கொண்டு அந்த ஆல்பத்தைச் செய்தேன். பெண்ணின் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க எடுத்தா எல்லாரையும் வெறப்பா நிக்க வச்சிருப்பீங்க. இதுல எங்க ஆளுங்க அப்படியே இருக்காங்க" என்றார்.

இன்று என் கணினியில் இருப்பதெல்லாம் முறையானவைதான். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒருபுறம் இருக்கட்டும். தப்பை ஒப்புக்கொண்டு நின்ற என்னைத் துரத்தாமல் கைகொடுத்த அந்த மனிதர்களை நினைத்தால், ஒருவர் நம்பித் தந்த கல்யாண நாளை ஒரு கள்ள மென்பொருளிடம் ஒப்படைக்க எனக்கு இனி மனம் வராது.