அப்பாவின் ரிசீவரைக் கருக்கிய என் வாதம்

பேச்சுப் போட்டிகளில் நான் வாங்கிய கோப்பைகளை அப்பாவின் கட்டிலுக்கு எதிரேதான் அடுக்கியிருந்தோம். பக்கவாதத்தில் விழுந்தபின், ஜெயங்கொண்டம் வீட்டில் அவர் தம் கையால் இயக்க முடிந்த ஒரே பொருள் பழைய ஸ்டீரியோ ரிசீவர். அதன் குமிழைத் திருகி வானொலி கேட்பார்.

அதன் ஸ்பீக்கர்களை எலி கடித்துவிட்டதால், பரணில் கிடந்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களை இணைக்க முனைந்தேன். பெரம்பலூரில் ஐ.டி.ஐ. படிக்கும் தங்கை தடுத்தாள்.

"அக்கா, இதுக்குள்ளயே ஆம்ப்ளிபயர் இருக்கு. ஸ்பீக்கர் முனையில குடுத்தா ரிசீவரே போயிடும். இயர்போன் துளையில குடு."

"ஸ்பீக்கர் முனை எதுக்குடி இருக்கு? ஸ்பீக்கர் மாட்டத்தானே?" என்று தொடங்கி, மேடையில் போலவே வாதங்களை அடுக்கினேன்.

அப்பா தங்கையைப் பார்த்துக் குழறலாகச் சிரித்தார். "விடும்மா, அவ பேசி எங்க தோத்தா?"

ஒயரை வெட்டி ஸ்பீக்கர் முனையிலேயே இணைத்தேன். ஓர் உறுமல் கேட்டது. ரிசீவரிலிருந்து புகை கிளம்பியது. அரியலூரில் பழுது பார்ப்பவர், "இதுக்குப் பார்ட்ஸே வர்றதில்லம்மா" என்று திருப்பித் தந்தார்.

"பழசாயிடுச்சுப்பா, அதான் போயிடுச்சு" என்று அப்பாவிடம் சொன்னேன். தங்கை என்னைப் பார்த்தாள், மறுக்கவில்லை. கைப்பேசியில் பாடல் வைத்தேன். தொடுதிரை அவர் விரலுக்கு வசப்படவில்லை. "நீ வேலையப் பாரும்மா" என்றார். இரண்டு மாதங்களில் காலமானார்.

உள்ளேயே ஆம்ப்ளிபயரும் தனி மின்இணைப்பும் உள்ள ஸ்பீக்கர்களை ரிசீவரின் ஸ்பீக்கர் முனையில் இணைக்காதீர்கள். இப்போது யாரேனும் என்னைத் தடுத்தால், காரணத்தை முழுமையாகக் கேட்கிறேன். தவறு செய்தால் அன்றைக்கே ஒப்புக்கொள்கிறேன். அப்பா மட்டும், நான் தோற்றதை அறியாமலே போய்விட்டார்.