சாந்தமானவர் இல்லை என் பெரியப்பா

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பாவின் உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் காலை வெயில் நன்றாக விழுந்திருந்தது. பெரியம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாகவே அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமாட்டில் சித்தப்பா. வீட்டின் கடைசித் தம்பி, வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கூட்டத்திலும் மைக் தானாக அவர் கைக்குப் போய்விடும்.

"பாரும்மா, எவ்வளவு சாந்தமா இருக்கார்," என்றார்.

பார்த்தேன். கன்னம் குழிந்து, உதடு உள்ளே போய், யார் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டக்கூடிய ஒரு கிழவர் அங்கே படுத்திருந்தார். அந்த ஆளை எனக்குத் தெரியாது.

முந்தைய நாள் அவருடைய பல்செட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். லேசில் கழற்ற விடவில்லையாம். பல்லில்லாமல் உங்களை எப்படியம்மா திட்டுவது என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை என்னிடம் நீட்டினார்.

பல்செட் செய்யும் லேபில்தான் எனக்கு வேலை. டப்பாவில் இருந்ததும் என் கையால் செய்ததுதான். அதைச் செய்த நாட்களில் அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முன்பல் ரொம்ப அழகாக இருக்கிறது, இப்படிச் சிரித்தால் எவன் பயப்படுவான் என்று மெழுகில் மாதிரி வைத்துக் காட்டியபோதே திருப்பி அனுப்பினார். கடைசியில், அவருடைய சொந்தப் பல் இருந்த மாதிரியே ஒன்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்துக் கொடுத்த பிறகுதான் வாயில் போட்டுக்கொண்டார்.

டப்பாவோடு வாஷ்பேசின் பக்கம் போனபோது சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனிமேல் அதெல்லாம் எதற்கு, நிம்மதியாக விடு என்றார்.

"அவர் மூஞ்சி அவருக்கு வேணும், சித்தப்பா," என்றேன்.

உடம்பு விறைப்பதற்குள் செய்ய வேண்டிய வேலை. நர்ஸ் கையுறை கொடுத்து, மோவாயையும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மேல் செட்டை முதலில் வைத்தேன், அப்புறம் கீழ் செட். உதடு மேடேறியது. தாடை முன்னால் வந்தது. இப்போது ஏதோ ஒரு சண்டையை ஆரம்பிக்கப் போகிறவர் மாதிரி இருந்தார். பெரியம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"ஆங். இப்பதான் நம்ம ஆளு," என்றார். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார்.

செத்துப்போனவர்களை நல்லவர்களாக்குவதில் எங்கள் குடும்பத்துக்குத் தனித் திறமை உண்டு. நல்லவர் என்றால் வாயைத் திறக்காதவர் என்று அர்த்தம். பெரியப்பாவையும் அப்படி ஆக்கிவிடப் பார்க்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

அவர் டவுன்பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குப் பேர் 'பிரேக்'. ஓடி வருகிறவர் யாராவது கண்ணாடியில் தெரிந்தால் போதும், காலை வைத்துவிடுவார். பின்னால் நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து திட்டுவார்கள். அவரும் திரும்பித் திட்டுவார். ஓடி வந்து ஏறியவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும், வீட்டிலிருந்து நேரத்தோடு கிளம்பத் தெரியாதா என்று.

அவருடைய வழித்தடத்தில் ஒரு துணி ஆலை இருந்தது. சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். ஆலை வாசலிலேயே பஸ் நிறுத்தம். பக்கத்துக் காலி மனையில் ஒரு பெரிய வணிக வளாகம் எழும்பியது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இப்படிக் கூட்டம் நிற்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. யார் யாரைப் பார்த்தார்களோ, நிறுத்தம் பெரிய நாற்சந்திக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நின்று நின்று கால் வீங்கிய பெண்கள் லாரிகளுக்கு நடுவில் ஓடி பஸ் பிடிக்க வேண்டும்.

பெரியப்பா பழைய இடத்திலேயே நிறுத்திக்கொண்டிருந்தார். செக்கிங் அதிகாரி வந்து சொல்லிப் பார்த்தார். மெமோ வந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டு, அனுமதி இல்லாத இடத்தில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள்.

"ஆளுங்க நின்னாங்க, நிறுத்தினேன். பஸ்ஸுக்கு வேற என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாலையிலிருந்து எடுத்து டிப்போவுக்குள் போட்டார்கள். வண்டிகளைக் கழுவுகிற கொட்டகையிலிருந்து வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வாசலைத் தாண்டாமல் பஸ் ஓட்டும் வேலை. அந்தக் காலத்தில் அவர் தினமும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார் என்பார் பெரியம்மா. இந்த மனுஷனுக்குக் கோபம் வந்தால் பசியும் கூடவே வந்துவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவருக்குப் பதிலாக வந்த டிரைவர் இளவயசுக்காரர், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. வேலைக்குப் பயந்து, ஆலை வாசலைக் கண்டால் வண்டியை விரட்டுவார். பெண்கள் கத்தவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தார்களாம். சில நாள்தான் அவரால் தாங்க முடிந்தது, அப்புறம் அவரும் நிறுத்தினார். அவரைப் பார்த்து வேறு தடத்து வண்டிகளும் நின்றன. எல்லா டிரைவர்களையும் அந்தக் கொட்டகைக்கு அனுப்ப முடியுமா? பெரியப்பாவையும் மறுபடி சாலைக்கே அனுப்பினார்கள். நிறுத்தப் பலகை இன்றுவரை அங்கே திரும்பி வரவில்லை. பஸ் மட்டும் நிற்கிறது. பெரியப்பா இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த டிப்போவில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

எல்லாச் சண்டையிலும் நியாயம் அவர் பக்கம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். மாடி வீட்டு டிராயிங் வாத்தியாரோடு வருஷக்கணக்கில் ஒரு தகராறு. வாத்தியார் காயப்போடும் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று பெரியப்பா ஒரு நாள் கத்தரிக்கோலோடு போய்க் கொடியையே அறுத்துவிட்டார். அன்றைக்கு வாத்தியார் வீட்டில் எல்லாரும் ஈரத்துணியோடு நின்றார்கள். பெரியம்மாதான் புதுக் கயிறு வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். பெரியப்பா கேட்கவில்லை, கடைசிவரை.

எனக்காக அவர் போட்ட சண்டையையும் சொல்ல வேண்டும்.

கல்யாணம் ஆகிப் போன வீட்டில் என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். உன் பாதுகாப்புக்குத்தான் என்பார். அப்பாவிடம் சொன்னேன். அடிக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்னம்மா, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். ஒரு மத்தியானம் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், என் கணவர் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தார். அவர் சிலிண்டரை இறக்கி வைப்பதற்குள் நான் தெருவில் இருந்தேன். அப்பா வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

பூட்டிவைக்கிறார் என்று மட்டும் சொன்னேன். காரணம் எதையும் அவர் குடையவில்லை. "சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பெரியம்மாவைக் கூப்பிட்டு, இவளுக்குச் சாப்பாடு போடு என்றார்.

சாயங்காலம் அப்பா வந்தார். கூட என் கணவரும் அவருடைய மாமாவும். பெரியப்பா டியூட்டிக்குக் கிளம்பிய காக்கிச் சட்டையோடு, வாசற்படியை அடைத்துப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவே இல்லை. நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"அண்ணா, இது எங்க குடும்ப விஷயம்," என்றார் அப்பா.

"அவ உக்காந்திருக்கிறது என் வீட்டுல."

"அவர் அவளை ஒரு அடி அடிச்சதில்லண்ணா. நல்ல மனுஷன்."

"வெளியில பூட்டிட்டுப் போறவனுக்குப் பேரு புருஷன் இல்லடா. வாட்ச்மேன். அந்த வேலைக்கு வேற இடம் பாக்கச் சொல்லு."

கணவரின் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரைக் கையமர்த்திவிட்டு, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்று தழதழத்தார்.

"இத்தனை வருஷமா டவுன்பஸ் ஓட்டறேன். நீ சொல்ற அந்த நாலு பேர் ஒரு நாளும் என் வண்டியில ஏறினதில்ல," என்றார் பெரியப்பா. "ஏறினா நான் பேசிக்கிறேன். நீ கிளம்பு."

அவர்கள் போன பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பெரியம்மா தட்டை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அப்பா தன் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். என்னோடும்தான். விவாகரத்து கிடைத்தது, பழைய லேப் வேலையும் திரும்பக் கிடைத்தது, பெரியப்பா வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஆனால் குடும்பத்தில் நல்லது கெட்டது எதற்கும் எங்கள் மூவருக்கும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கும் அழைப்பு இல்லை. பெரியம்மாவுக்கு அது பெரிய வருத்தம். பெரியப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கிளம்புங்கள் என்றார். நான் வரமாட்டேன் என்று அழுதேன். நீ வராவிட்டால் நான் எதற்குப் போகிறேன் என்றார்.

மண்டபத்தில் முன்வரிசையில் என்னை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்தார்கள். சித்தப்பா வேர்த்து விறுவிறுத்து வந்தார். பத்திரிகை வைக்க விட்டுப்போய்விட்டது என்று இழுத்தார்.

"அதான், மறந்துட்டியோன்னு நெனச்சேன். நீ மறந்தா நான் ஞாபகம் வெச்சுக்கணும் இல்ல? அண்ணனாச்சே," என்றார் பெரியப்பா, முழுப் பல்லையும் காட்டி. மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்திவிட்டு, நிதானமாக நடந்து வெளியே வந்தோம்.

பெரியப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த பிறகு, எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மைக் சித்தப்பாவிடம். என் அண்ணன் சாந்த சொரூபி என்றார். யார் மனசையும் நோகடிக்காதவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் என்றார். டிப்போக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா என் முழங்கையை இடித்தார்.

எழுந்தேன். நான் மைக்கைக் கேட்கவில்லை, எனக்குத் தேவைப்படவும் இல்லை.

"என் பெரியப்பா நிறைய பேர் மனசை நோகடிச்சார். அதுல பாதிப் பேர் இங்கதான் உக்காந்திருக்கீங்க. அவர் நோகடிக்காம இருந்திருந்தா நான் இன்னிக்கு இங்க நின்னு பேச மாட்டேன், ஒரு பூட்டின வீட்டுக்குள்ள இருப்பேன். அவரைச் சாதுன்னு சொல்லாதீங்க. அது அவருக்கு மரியாதை இல்ல."

சித்தப்பா மைக்கைக் கையில் பிடித்தபடியே நின்றார். அப்போது பின்வரிசையிலிருந்து மாடி வீட்டு டிராயிங் வாத்தியார் கையைத் தூக்கினார்.

"என் மனசை நோகடிச்சிருக்கார். என் கொடியை அறுத்தார்," என்றார். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ஒரு தடவையாவது தப்புன்னு ஒத்துக்குவார்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒத்துக்காமலேயே போயிட்டார்."

கூடம் சிரித்துவிட்டது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. மெமோ கொடுத்த செக்கிங் அதிகாரி, தனக்கு எல்லார் முன்னாலும் கிடைத்த திட்டைச் சொன்னார். ஆலையில் வேலை செய்த ஒரு அம்மா, நிறைமாதக் கர்ப்பத்தில் ஓடி வந்து ஏறியதற்குத் தன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டிலிருந்த ஆளை எழுப்பித் தன்னை உட்காரவைத்ததைச் சொன்னார். ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். சித்தப்பா மெல்ல மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் அப்பா எழுந்தார். வயசாகிவிட்டது அவருக்கு. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பினார். உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லல," என்றார். என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் போய்க் கையைப் பிடிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு அவரை உள்ளே விட்டிருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டுதான் வெளியே வந்திருப்பார்.

எல்லாரும் கலைந்த பிறகு சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்கு பார்க்கிறவர், அவ்வளவுதான். அண்ணி இனிமேல் தனியாக இருப்பது சரியில்லை, என் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே வந்துவிடட்டும் என்றார். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தனியாக என்றால் நான் கணக்கில் இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது.

பெரியம்மா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். ஆயுசு முழுக்க அந்த மனிதரின் சத்தத்துக்கு நடுவில் மெதுவாகவே பேசிப் பழகிய குரல் அவருடையது.

"தனியா யாரு இருக்கா? இவ இருக்கா, நான் இருக்கேன்," என்றார். "உங்க வீட்டுக்கு வரேன். என்னிக்குக் கூப்பிடுவீங்க, ரெண்டு பேரையும்?"

சித்தப்பா செருப்பைத் தேடினார். பெரியம்மாவே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, பார்த்துப் போங்க, படியில் விளக்கு இல்லை என்றார்.

திரும்பி வந்தவர் நேராக மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். எனக்கு அது ஆகாது, தும்மல் வரும். குறைத்தேன். அவர் ஏற்றினார். இத்தனை வருஷம் அந்த மனுஷனுக்காகப் பொறுத்துக்கிட்டேன், உனக்காகவும் பொறுத்துக்கணுமா என்று கேட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. சத்தம் மாடிவரை போயிருக்க வேண்டும். டிராயிங் வாத்தியார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, என்னம்மா ஆச்சு என்று கீழே எட்டிப் பார்த்தார்.